ஒரிஜினல் காதல் மன்னன்!

ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடை. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் தயாராகிற ஏரியா அல்லவா... ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வரும். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூனிஃபார்ம் இளைஞர் செல்போனில் பழைய பாட்டு ஒன்று பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன் (கெட்ட பழக்கம்தான்!). கறுப்பு வெள்ளையில் ஜெமினி கணேசன்!

"ஜெமினி பிடிக்குமா தம்பி?" என்றேன் சந்தோஷமாக.

"நல்லாத்தான் பண்றாரு சார். ஆனா துல்கர் அளவுக்கு வரலை!"

கையிலிருந்த டீ கொஞ்சம் சிந்திவிட்டது. சிரிக்காதீர்கள். அவர் ஜோக் அடிக்கவில்லை. 2018-ல் வந்த 'நடிகையர் திலகம்' படத்தில் ஜெமினியாக வந்தாரே துல்கர் சல்மான்... இந்தத் தம்பிக்கு முதலில் அறிமுகமான ஜெமினி அவர்தான். அசல் ஆள் பிறகுதான் வந்தார், அதுவும் போட்டியாளராக!

"எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டேன். "குவாலிட்டி சார். மாஸ்டர் பீஸ்னு ஒண்ணு வெச்சிருப்போம். வர்ற பார்ட்டை அதோட ஒப்பிட்டுப் பார்த்துதான் பாஸ், ரிஜெக்ட் எல்லாம்."

விஷயமே இதுதான்! ஒரு ஹீரோவாக இன்னொருவர் நடிக்கும்போது நாம் கையில் வைத்திருக்கும் மாஸ்டர் பீஸ் எது?

ராஜா வேஷம் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. கட்டபொம்மனை ஆங்கிலேயர்கள் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799-ல். சிவாஜி அந்த வேடத்தில் கர்ஜித்தது 1959-ல். நடுவே 160 வருடம். 'கட்டபொம்மன் இப்படிப் பேசமாட்டாரே' என்று எழுந்து சொல்ல தியேட்டரில் யார் இருந்தார்கள்? சிவாஜி எப்படிப் பேசினாரோ அதுதான் கட்டபொம்மன் என்றாகிவிட்டது.

ஆனால் சினிமா ஹீரோவாக நடிப்பவர் பாடு திண்டாட்டம்! 'இருவர்' வந்தது 1997 ஜனவரியில். எம்.ஜி.ஆர். மறைந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. பெயரை 'ஆனந்தன்' என்று மாற்றியிருந்தாலும் தியேட்டரில் இருந்த அத்தனை பேரும் நீதிபதிகள்தான். 36 வயது மோகன்லால் நல்லவேளையாக மூக்கைச் சொறிகிற மிமிக்ரி எதுவும் செய்யவில்லை. படம் அப்போது ஓடவில்லை. இன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். தீர்ப்புகளும் மாறத்தான் செய்கின்றன.

துல்கருக்கு வருவோம். பள்ளிவிழா மாறுவேடப் போட்டிபோல ஜெமினியின் நடையையும் குரலையும் அவர் காப்பியடிக்கவில்லை. பெண்கள் கூச்சமில்லாமல் பேசக்கூடிய ஆண் என்று ஒரு சாயல் ஜெமினியிடம் இருந்ததே, அதை மட்டும் பிடித்துக்கொண்டார். அது போதும் என்பது என் கட்சி. அதே படத்தில் அக்கினேனி நாகேஸ்வர ராவாக அவருடைய பேரன் நாக சைதன்யாவே வந்தார். ரத்த சம்பந்தம்! ஆனால் மனதில் நின்றது என்னவோ, சம்பந்தமே இல்லாத துல்கர்தான்.

நடிகர் பாஸ். அவருக்கு எழுதிக் கொடுத்த கதை? அங்கேதான் உதைக்கிறது.

ஜெமினியின் மகள் டாக்டர் கமலா செல்வராஜ் படம் வந்தவுடனே கொதித்தார். வேலை வெட்டி இல்லாதவர் போலவும், சாவித்திரிக்குக் குடிக்கக் கற்றுக்கொடுத்தவர் போலவும் அப்பாவைக் காட்டிவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். ஜெமினிக்கும் சாவித்திரிக்கும் பிறந்த விஜய சாமுண்டீஸ்வரியோ படத்தை ஆதரித்தார். ஒரே அப்பா, இரண்டு மகள்கள், இரண்டு தீர்ப்பு! வீட்டுக்குள் நடந்ததைப் பற்றி நாம் என்ன சொல்ல முடியும்?

ஆனால் 'வேலை இல்லாதவர்' என்பதை மட்டும் நாமே சரிபார்க்கலாம். 1959-ல் 'கல்யாணப் பரிசு', 1960-ல் 'பார்த்திபன் கனவு', 1961-ல் 'பாசமலர்', 1962-ல் 'கொஞ்சும் சலங்கை', 'சுமைதாங்கி', 1963-ல் 'கற்பகம்'... மனிதர் மூச்சுவிடாமல் நடித்துக்கொண்டிருந்தார்! சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து, ஜெமினி ஸ்டூடியோவில் நடிகர் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து, 'மிஸ் மாலினி'யில் (1947) சின்ன வேடத்தில் தலைகாட்டி, படிப்படியாக வந்தவர். துல்கரிடம் நாம் பார்ப்பது காதலனையும் கணவனையும்தான். அந்த உழைப்பாளி நடிகனுக்குப் படத்தில் கிடைத்த இடம் ரொம்பக் கம்மி. சாவித்திரியின் கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் டீக்கடை தம்பிக்கு ஜெமினியின் கதையும் அதுவேதான் ஆகிவிட்டதே!

வேடிக்கை என்னவென்றால், ஜெமினியும் இதே வேலையைச் செய்தவர்தான். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் வெள்ளையத்தேவன் அவர். 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட வழக்கில் தேடப்பட்ட மாடசாமியாக 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் வந்தவரும் அவரே. வரலாற்று மாடசாமிக்கு டூயட் கிடையாது. ஜெமினியின் மாடசாமிக்கு உண்டு. பாரதியார் பாட்டு, பி.பி.ஸ்ரீனிவாஸ் குரல், ஜோடி சாவித்திரி!

அந்தப் பாட்டைத் தேடிப்பிடித்து தம்பிக்குக் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். பார்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அந்த முகம்.

"சார், இதுல ஒரிஜினல் சாவித்திரியா?"

"ஆமாம்."

"இவர் பண்ற மாடசாமி... நெஜமாவே இருந்தவரா? பார்க்க இப்படித்தான் இருந்தாரா?"

"அதைச் சொல்ல போலீஸே திணறியிருக்கும் தம்பி! கடைசிவரைக்கும் அவரைப் பிடிக்கவே முடியலை."

கம்பெனி பஸ் வந்துவிட்டது. படத்தின் பெயரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்.