காட்டுத் தடையிலிருந்து சரிவுக் கணிப்புக்கு: சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுப் பாதுகாப்பின் வரலாறு

சுவிட்சர்லாந்தின் ஊர்சரன் பள்ளத்தாக்கு மக்கள் 1397-இல், ஆண்டர்மாட் ஊருக்கு மேலிருந்த காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று சாசனம் எழுதிவைத்தனர். மலைச்சரிவில் பனி புறப்படாமல் மரங்கள் பிடித்து நிறுத்தும் என்பது அவர்கள் பட்டறிந்த உண்மை. அன்று தொட்டு இன்றைய அபாய அறிக்கை வரையிலான வளர்ச்சியில் ஓர் அடிப்படை மாற்றம் தெரிகிறது. ஊரைத் தேடி வரும் பனியைத் தடுப்பதாக இருந்த பாதுகாப்பு, பனியைத் தேடிப் போகும் மனிதரின் முடிவுகளைத் திருத்துவதாகவும் விரிந்தது. இக்கட்டுரை அம்மாற்றத்தை ஆராய்கிறது.

வனத்துறைத் தலைமை அதிகாரி யோஹான் கோவாஸ் 1881-இல் சுவிஸ் ஆல்ப்ஸின் பனிச்சரிவுகளைப் பற்றி நூல் வெளியிட்டார். எங்கே சரிகிறது, எவ்வளவு சேதம் என்ற பதிவுக்கு அது வழிவகுத்தது. ஏன் சரிகிறது என்ற கேள்விக்கு விடை தேடி 1936-இல் டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில் ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்கிருந்து வந்த முடிவுகளே இத்துறையின் அடித்தளம் என்பேன். தரையில் கிடக்கும் பனி ஓயாமல் உருமாறுகிறது. மெல்லிய பனிப்போர்வையின் அடிப்பகுதி ஓரளவு வெதுவெதுப்பாகவும் மேற்பகுதி கடுங்குளிராகவும் இருந்தால், உள்ளிருக்கும் நீராவி மேலே நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய படிகங்களை உருவாக்குகிறது. உதிர்சர்க்கரை போன்ற அந்த நலிந்த அடுக்கின்மேல் புயல் புதுப்பனியைக் கொட்டும். காற்று அதை வாரிக் காற்றுமறைவான சரிவுகளில் இறுகிய பாளமாகக் குவிக்கும். பிறகு ஒருவர் சறுக்கிச் செல்லும் எடைகூட நலிந்த அடுக்கை முறிக்கப் போதும். முறிவு பக்கவாட்டில் பரவ, பாளம் முழுதும் பெயர்ந்து கீழிறங்கும். பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில்தான் இது நிகழும்.

போர்க்காலத்தில் ராணுவம் நடத்திய எச்சரிக்கைப் பணியை வைஸ்ஃப்ளூயோக் ஆய்வு நிறுவனம் 1945-இல் ஏற்றுப் பொதுமக்களுக்கு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. ஆயினும் 1951 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுகளில் 98 பேர் மாண்டனர். ஜனவரி 20 அன்று ஆண்டர்மாட்டில் 13 பேர், வால்ஸில் 19 பேர். இறந்தோரில் மிகுதியானோர் வீடுகளில் இருந்தவர்கள். அதன்பின் பனி புறப்படும் உயரங்களிலேயே எஃகுத் தடுப்புகள் பெருகின. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்பதை அபாய வரைபடங்கள் தீர்மானித்தன. 1999 பிப்ரவரியில் மீண்டும் பெரும்பனி கொட்டியபோது வீடுகளிலும் சாலைகளிலும் இறந்தோர் 17 பேர். பொதுப்பணத்தை நீண்டகாலம் செலவிட்டதன் பயன் இது; இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இன்று உயிரிழப்போர் அனேகமாக எல்லாரும் பாதையற்ற மலைவெளிக்குத் தாமாகச் செல்பவர்கள். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைத் தூண்டியவர் அவரே அல்லது உடன் வந்தவரே. 1993-இல் ஐரோப்பா முழுமைக்கும் ஐந்து நிலை அபாய அளவுகோல் ஒன்று ஏற்கப்பட்டது. மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் அதைச் சரிவின் சாய்வோடு இணைத்து எளிய விதி தந்தார்: 2-ஆம் நிலையில் 40 பாகைக்குக் கீழும், 3-இல் 35-க்குக் கீழும், 4-இல் 30-க்குக் கீழும் மட்டுமே செல்ல வேண்டும். பனியின் நுட்பம் அறிந்த வல்லுநர்களே இறப்பதைக் கண்டவர் அவர். அறிவைக் காட்டிலும் கட்டுப்பாடு முக்கியம் என்று வாதிட்டார். அமெரிக்க விபத்துகளை ஆராய்ந்து 2004-இல் இயன் மெக்கம்மன் எழுதியதும் இதற்கு அரண் சேர்க்கிறது. பழகிய இடம், பிறர் போன தடம், புதுப்பனியில் முதலில் இறங்கும் ஆசை ஆகியவை பயிற்சி பெற்றவர்களையும் ஏமாற்றியிருந்தன.

மீட்பைப் பற்றிய ஆய்வும் கடுமையானது. 1994-இல் வெளியான கணக்கின்படி, புதைந்தவர்களில் 15 நிமிடம் வரை பிழைத்தோர் 92 விழுக்காடு. 35 நிமிடத்தில் அது 30 ஆகச் சரிந்தது. மீட்புக்குழு அதற்குள் வந்து சேர்வது அரிது. புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கழி, மண்வாரி மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

பனிமலைக்குச் செல்லும் வாசகர்கள் முதல்நாள் மாலையே அவ்வட்டாரத்தின் அபாய அறிக்கையைப் படியுங்கள். அது 3 அல்லது அதற்கு மேல் என்றால், 3-ஆம் நிலையில் முன்டர் விதி 35 பாகை வரை இடம் தந்தாலும், 30 பாகைக்குக் குறைந்த சரிவுகளிலேயே நில்லுங்கள். செங்குத்தான சரிவுகளின் அடிவாரத்திலும் தங்காதீர்கள். புயல் ஓய்ந்து வானம் வெளுத்த முதல் நாளில் இவ்விதிகளைத் தளர்த்தவே வேண்டாம்.