லட்சத்தைக் கரைக்கும் கதை

'அருணாசலம்' படத்தில் முப்பதே நாளில் 30 கோடியை ஒழித்துக்கட்ட ரஜினிகாந்த் படும் பாடு நமக்கெல்லாம் மனப்பாடம். 1997இல் வந்த அந்தப் படத்துக்குப் புணேயில் ஒரு பெரியப்பா உண்டு. 1952இல் வெளியான 'லாகாச்சி கோஷ்ட' என்ற மராட்டிப் படம்.

இந்த வம்சத்தின் மூத்த பாட்டனார் அமெரிக்கர். ஜார்ஜ் பார் மெக்கச்சன் 1902இல் ரிச்சர்ட் கிரீவ்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய 'புரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்' நாவல். தாத்தா விட்டுப்போன பத்து லட்சம் டாலரை 26ஆம் பிறந்தநாளுக்குள் காலிசெய்து வெறுங்கையோடு நின்றால், மாமா சொத்து 70 லட்சம் புரூஸ்டருக்குக் கிடைக்கும். காரணத்தை மட்டும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. நஷ்டப்படலாம் என்று அவன் வாங்கும் பங்குகளோ விலை ஏறித் தொலைக்கின்றன! பையனுக்குப் பைத்தியம் என்று சிநேகிதர்கள் முடிவுகட்டுகிறார்கள். இல்லாமையை மூடி மறைப்பவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இவன் மறைப்பதோ வரப்போகிற செல்வத்தை.

புணேயில் கதை, வசனம், பாட்டு எல்லாம் க.தி. மாட்கூள்கர். இசை சுதீர் பட்கே. (மூன்றே வருஷத்தில் புணே வானொலிக்காக 'கீத ராமாயணம்' தந்து மகாராஷ்டிரத்தையே உருகவைத்த ஜோடி இதுதான்.) இயக்கம் ராஜா பராஞ்ச்பே. இங்கே உயில் இல்லை, மாமா இல்லை. பெண்ணின் பணக்கார அப்பா, மகளைக் காதலிக்கும் ஏழைப் பையனிடம் லட்ச ரூபாயைக் கொடுத்து, ஒரு மாதத்தில் செலவழித்துக் காட்டு பார்க்கலாம் என்கிறார். சொத்துப் பிரச்சினை கல்யாணப் பிரச்சினை ஆனதும் கதை நம்மூர்க் கதையாகிவிட்டது.

எடுத்தவர்களும் பணத்தில் புரண்டவர்கள் அல்லர். புணேயின் பெருமையான பிரபாத் ஸ்டுடியோவே அப்போது நொடித்துப்போய்க்கொண்டிருந்தது. கதாநாயகன் ராஜா கோசாவி, பானுவிலாஸ் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. படம் அங்கே ஓடியபோது, திரையில் லட்சத்தோடு மல்லுக்கட்டிய அதே மனிதர் கவுண்ட்டருக்குள் உட்கார்ந்து ஜனங்களுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார் என்பது மராட்டி சினிமாக்காரர்கள் சொல்லிச் சலிக்காத கதை. கையில் காசு தங்காதவன் முகத்தில்தானே அந்தத் திகைப்பு நிஜமாக இருக்கும்?

இரண்டே வருஷத்தில் தெற்கிலும் இந்த முடிச்சு வந்துவிட்டது. ஒய்.ஆர். சுவாமி இயக்க, என்.டி. ராமாராவ் நடிக்க, 1954இல் தெலுங்கில் 'வத்தண்டே டப்பு', தமிழில் 'பணம் படுத்தும் பாடு'. அப்புறம் லட்சம் கோடியாகி, கோடி முப்பதாகி, ரஜினிவரை போயிற்று.

தொகை ஏறிய வேகத்தில் சிரிப்பு ஏறவில்லை என்பது என் அபிப்பிராயம். 30 கோடி என்பது ஹீரோவின் பணம். பால்கனியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். லட்சம் அப்படியல்ல. 1952இல் டிக்கெட் வாங்கி உள்ளே போனவன், தன்னிடம் அதைக் கொடுத்தால் என்னென்ன வாங்குவோம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பான். அந்தக் கணக்கைப் போடவைத்ததால் என் ஓட்டு பெரியப்பாவுக்கே.