எச்-1பி விசா: மனு போடுவது யார்?

அமெரிக்க வேலை விசா என்றதும் நம்மூரில் பலருக்கும் நினைவுக்கு வருவது எச்-1பி தான். ஆனால் அதற்கு மனு போடுவது வேலைக்குப் போகிறவர் அல்ல, அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம். இதை மனதில் வைத்துக் கொண்டால் இந்த விசாவின் வரலாறு எளிதாகப் புரியும்.

இதன் வேர் 1952-ல் வந்த குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. அப்போது வெறும் எச்-1 தான். தனித்த தகுதியும் திறமையும் உள்ளவர்கள் தற்காலிக வேலைக்கு வரலாம், ஆனால் சொந்த நாட்டில் இருப்பிடமும் திரும்பிப் போகும் எண்ணமும் இருக்க வேண்டும் என்றது சட்டம். 1989-ல் செவிலியர்களை எச்-1ஏ என்று தனியாகப் பிரித்தார்கள். 'பி' வந்தது அப்படித்தான். அடுத்த ஆண்டு மூத்த ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட 1990 சட்டம், இன்று நாம் அறிந்த எச்-1பிக்கு உருவம் கொடுத்தது. பட்டப்படிப்பு தேவைப்படும் வேலை, ஆண்டுக்கு 65,000 பேர், அதிகபட்சம் 6 ஆண்டுகள். திரும்பிப் போகும் எண்ணம் வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கியது. அதனால் எச்-1பியில் இருந்தபடியே கிரீன் கார்டுக்கு முயற்சி செய்யலாம் என்றானது.

முதல் சில ஆண்டுகள் அந்த 65,000 நிரம்பவே இல்லை. 1997-ல் தான் முதல் முறையாக நிரம்பியது. ஒய்2கே பயமும் இணைய கம்பெனிகளின் வேகமும் சேர்ந்து கொண்ட காலம் அது. 1998-ல் உச்சவரம்பை 1,15,000 ஆகவும், 2000-ல் 1,95,000 ஆகவும் உயர்த்தினார்கள்.

'பாடி ஷாப்பிங்' என்ற சொல் பிரபலமானதும் அப்போது தான். ஆளை எடுப்பது ஒரு கம்பெனி, வேலை வாங்குவது வேறொரு கம்பெனி. ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும் வரை ஊழியர் 'பெஞ்ச்'சில். அந்த நாட்களுக்குச் சம்பளம் தராத நிறுவனங்களும் இருந்தன. 1998 சட்டம் இதைத் தடை செய்தது. வேலை இல்லாவிட்டாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நல்ல விதி தான், ஆனால் புகார் கொடுப்பது யார்? ஸ்பான்சர் செய்த முதலாளி மீது புகார் கொடுத்து வேலை போனால், அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் கூடவே போய்விடும். புதிய நிறுவனம் மனு போட்டதுமே அங்கே வேலையில் சேரலாம் என்று 2000-ல் வந்த சட்டம் இந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. உச்சவரம்பை உயர்த்தியதை விட இது தான் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும்.

அதற்குள் டாட்-காம் குமிழி உடைந்தது. 1,95,000 இடங்கள் இருந்தும் ஆள் கேட்பார் இல்லை. வேலை இழந்தவர்களுக்கு இன்றுள்ள 60 நாள் அவகாசம் கூட அன்று விதியில் கிடையாது, அது வந்ததே 2017 ஜனவரியில் தான். 2004 நிதியாண்டில் உச்சவரம்பு பழையபடி 65,000-க்கு இறங்கியது. அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக 20,000 இடங்கள். தேவை திரும்பி வந்தபோது இடம் இல்லை. 2007 ஏப்ரலில் முதல் இரண்டே நாளில் 1,20,000-க்கும் அதிகமான மனுக்கள் குவிய, குலுக்கல் நடத்த வேண்டியதாயிற்று.

இந்தியர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. எச்-1பிக்கு நாட்டு வாரி ஒதுக்கீடு இல்லை. அதனால் அதில் பெரும்பங்கு இந்தியர்களுக்கே போகிறது. கிரீன் கார்டிலோ எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. வாசல் அகலம், உள் கதவு குறுகல். வரிசையில் நிற்பவர்கள் 6 ஆண்டுக்குப் பிறகும் நீட்டிப்பு வாங்க 2000 சட்டம் வழி செய்தது உண்மை தான். ஆனால் அந்த நீட்டிப்புக்கும் ஒரு முதலாளி மனு போட வேண்டும். வரிசையில் இருப்பவரின் கணவனோ மனைவியோ வேலை பார்க்க அனுமதி கிடைத்ததே 2015-ல் தான்.

2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப், வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் போடும் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார். 1998 சட்டத்தில் ஒரு தொகை உண்டு. எச்-1பி ஊழியர்களை அதிகம் நம்பியிருக்கும் நிறுவனம் ஒருவருக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் கொடுத்தால், அவர் விஷயத்தில் சில கூடுதல் விதிகளிலிருந்து விலக்கு கிடைக்கும். அன்று அது நல்ல சம்பளம். இன்றைய மனுக் கட்டணம் அதைத் தாண்டிவிட்டது.