மருதோன்றி: கையிலிருந்து தலைக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை தொடரும் முஸ்லிம் ஊர்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நெற்காணி, மீன்பிடி, மருதமுனைக் கைத்தறி, தேர்தல் கணக்கு, கலவரம் என்பனவே அவற்றின் பொருளாக இருந்து வந்துள்ளன. அவ்வூர்ப் பெண்கள் தம் தோலையும் தலைமுடியையும் எவ்வாறு பேணினர், வயது ஏற ஏற அப்பேணல் எவ்வாறு மாறிற்று என்று எழுதியோர் மிகக் குறைவு. அற்ப விடயம் என்று ஒதுக்கப்பட்டிருக்கலாம். ஆனால், ஒரு சமூகம் தன் மூத்த பெண்களை எவ்விதம் மதித்தது என்பதை அறிய இதைவிட நேரான வழி வேறில்லை என்பது என் எண்ணம்.

இக்கதையின் தொடக்கம் வீட்டில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாக்கப்பட்ட இக்கரையோரத்தில், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடமும் தாய்வழிக் குடி முறை வேரோடியுள்ளது. திருமணமானதும் மணமகன் மனைவியின் வீட்டிற்குச் செல்கிறான். வீடு சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்படுகிறது. மூத்த மகளுக்குத் தம் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் இன்னொரு வீட்டிற்கு ஒதுங்குவதும் வழக்கம். அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டில் களஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியான தமது பெருநூலில் இம்முறையை விரிவாக விளக்கியிருக்கிறார்.

இதன் விளைவொன்றை நாம் கவனிக்க வேண்டும். உம்மம்மா, உம்மா, மகள் ஆகிய மூன்று தலைமுறைப் பெண்களும் ஒரே வேலிக்குள் அல்லது அடுத்தடுத்த வேலிக்குள் வாழ்ந்தனர். மாமியார் வீட்டுக்குச் சென்று புதுப் பழக்கம் கற்கும் நிலை அங்கு இல்லை. ஆகவே எந்த வயதில் எதைப் பூச வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்ற அறிவு, ஏட்டில் ஏறாமலே கைக்குக் கை மாறி வந்தது.

அந்த அறிவின் நடுவில் நின்ற செடி மருதோன்றி. பேச்சு வழக்கில் மருதோண்டி. தமிழகத்தார் மருதாணி என்பர். அழவணம், ஐவணம் என்ற பழம் பெயர்களும் அதற்கு உண்டு. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் செடியாதலால் கரையோர மணலிலும் அது வளர்ந்தது. இலையைப் பறித்து அம்மியில் அரைத்து, தேசிக்காய்ச் சாறு விட்டுக் குழைத்தார்கள். அவ்விலையில் உள்ள லோசோன் என்ற சாயப்பொருள், தோலிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் புரதத்துடன் பிணைந்து செம்மை தருகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடிப்பாக இருப்பதால் அங்கே நிறம் ஆழமாகப் பிடிக்கிறது. தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் இரண்டொரு வாரங்களில் அது மங்கிவிடும். முடியிலோ, அம்முடி வளர்ந்து வெட்டப்படும் வரை நிற்கும்.

இந்த வேறுபாட்டையே வாழ்க்கைப் பருவங்களின் வேறுபாடாகவும் அம்மக்கள் ஆக்கிக்கொண்டனர். சிறுமிக்குப் பெருநாளைக்கு முந்திய இரவில் உள்ளங்கையில் ஒரு வட்டமும் விரல் நுனிகளில் தொப்பியும். மணப்பெண்ணுக்குக் கை நிறைய, கால் நிறைய. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாட்கள் வரை மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சிய நீர்க் குளிப்பும். முடி நரைக்கத் தொடங்கியவளுக்கு அதே மருதோன்றி தலைக்கு ஏறியது. கையை அலங்கரித்த இலை, பிற்காலத்தில் முக்காட்டின் உள்ளே தலையைக் குளிர்வித்தது. ஒரே செடி பெண்ணின் வயதோடு இடம் மாறிச் சென்றது.

செய்தி சேகரிக்கும் பணியில் அப்பகுதிகளில் அலைந்த காலத்தில், சேலைத் தலைப்பின் ஓரத்தில் செம்பட்டையாகத் தெரியும் முதிய பெண்களின் நெற்றி முடியைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அந்நிறம் வயதை மறைக்கவில்லை. மருதோன்றி வெள்ளை முடியைக் கறுப்பாக்குவதில்லை, செம்மஞ்சளாகத்தான் ஆக்கும். பார்த்தவுடன் 'இவர் நரைத்தவர்' என்று எவரும் அறிந்துகொள்ளலாம். நான் மூத்தவள், ஆயினும் என்னைப் பேணிக்கொள்கிறேன் என்ற இரண்டையும் அந்நிறம் ஒருசேரச் சொன்னது.

இதற்கு மார்க்கப் பின்னணியும் உண்டு. கி.பி. 630இல் மக்கா வெற்றியின்போது, அபூபக்கர் அவர்களின் முதிய தந்தை அபூகுஹாபா முற்றாக வெளுத்த தலையோடும் தாடியோடும் அழைத்து வரப்பட்டார். அந்நரையை ஏதேனும் ஒன்றால் மாற்றுமாறும் கறுப்பைத் தவிர்க்குமாறும் நபிகள் நாயகம் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் பதிவாகியுள்ளது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி, கறுப்புச் சாயம் இருபாலாருக்கும் ஆகாது என்ற கருத்தையே வலுவானதாகக் கொண்டார். கணவனுக்காக அலங்கரிக்கும் பெண்ணுக்கு அதை அனுமதித்த அறிஞர்களும் இருந்தனர். விவாதம் எப்படியிருப்பினும், மருதோன்றியின் செம்மையில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

முதுமையைப் பற்றிக் குர்ஆன் தனியாகவும் பேசுகிறது. 24ஆம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம், திருமண எதிர்பார்ப்பைக் கடந்த முதிய பெண்கள், அழகைக் காட்சிப்படுத்தாதவர்களாக, மேலாடையைக் களைந்திருப்பதில் குற்றமில்லை என்கிறது. தவிர்ந்திருப்பது மேல் என்றும் சொல்கிறது. வயது ஏறினால் கட்டுப்பாடு தளரும் என்பதே அங்குள்ள போக்கு.

கைம்மையிலும் இதையே காண்கிறோம். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். அக்காலத்தில் மருதோன்றி இல்லை, சுருமா இல்லை, அத்தர் இல்லை. ஆனால் அக்காலம் முடிவுள்ளது. முடிந்தபின் முறைப்படி அவள் தனக்குச் செய்துகொள்வதில் குற்றமில்லை என்று 2ஆம் அத்தியாயத்தின் 234ஆம் வசனமே தெளிவாகக் கூறுகிறது. அயலிலுள்ள இந்துக் கிராமங்களில் பூவும் பொட்டும் இழந்த கைம்பெண்ணுக்கு அவை மீண்டும் வருவது அரிதாக இருந்தது. முஸ்லிம் பெண்ணுக்குச் சட்டம் வழிவிட்டது. எனினும் ஊர் வாய் சட்டத்தைவிடக் கடுமையானது. ஐம்பது வயதில் இத்தா முடித்தவள் கையில் மருதோன்றியோடு கல்யாண வீட்டுக்குப் போனால் 'இந்த வயதில் இவளுக்கு என்ன?' என்ற முணுமுணுப்பு எழுந்தது. கையிலிட்டால் பேச்சு வரும், தலையிலிட்டால் வராது. தலைக்குச் செல்லும் மருதோன்றி மருந்தென்று கருதப்பட்டதே காரணம். குளிர்ச்சி என்ற பெயரில் மூத்த பெண்கள் தம் அலங்காரத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

முடிப் பராமரிப்பின் இன்னொரு தூண் தேங்காயெண்ணெய். தென்னை செழித்த கரை அது. கையாந்தகரைச் சாறும் செவ்வரத்தைப் பூவும் இட்டுக் காய்ச்சிய எண்ணெய் தலைக்கு. வெறும் எண்ணெய் கை கால்களுக்கு. 2003இல் ரேலே, மோஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் செய்யாததைத் தேங்காயெண்ணெய் செய்கிறது என்று காட்டிற்று. அதிலுள்ள லோரிக் அமிலம் முடியின் தண்டினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது. நரைத்து வறண்ட முடிக்கு இது பெரும் உதவி. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோல் தன் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதத்தை இழக்கிறது என்று இன்றைய தோல் மருத்துவம் கூறுகிறது. தோல் மெலிகிறது, வறள்கிறது. மூத்த பெண்கள் மஞ்சளைக் குறைத்து எண்ணெயைக் கூட்டியது, அறிந்தோ அறியாமலோ, இந்த மாற்றத்திற்கு ஏற்ற செயலாகவே இருந்தது.

பழமையில் எல்லாமே நன்மை என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணுக்கிட்ட சுருமா பலவற்றில் ஈயம் கலந்த கலேனா என்ற கனிமம் இருந்தது. குழந்தைகளின் இரத்தத்திலும் மூளையிலும் ஈயம் செய்யும் கேட்டை இன்று உலகம் அறியும். பாட்டிமாரின் பெட்டியிலும் நஞ்சு இருந்தது என்பதை மறைப்பது வரலாறாகாது.

1977இல் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், அதே காலத்தில் வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டதும் இக்கரையின் வாழ்க்கையை மாற்றின. உம்மா சவூதியிலும் குவைத்திலும் உழைக்க, மகளை உம்மம்மா வளர்த்தார். நடுத் தலைமுறை வளவை விட்டு விலகியது. திரும்பி வந்த பெட்டிகளில் அபாயாவும் அத்தரும் வந்தன. வெண்மையாக்கும் கிரீம்களும் கூம்பில் அடைத்த மருதோன்றியும் வந்தன. அம்மி ஓய்ந்தது. மருதோன்றி வேலியிலிருந்து கடைக்குப் போயிற்று.

கடைக்குப் போனதில் தவறில்லை. கடையில் அதன் பெயரில் வேறொன்று விற்கப்பட்டதில்தான் தவறு. 'கறுப்பு மருதோன்றி' என்று ஒரு செடி உலகில் இல்லை. சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பிடிக்கும் அக்கலவையில் பெரும்பாலும் இருப்பது பரா-பெனிலீன்டையமின் என்ற இரசாயனம். தலைச்சாயத்தில் பயன்படும் பொருள் அது. 1907இல் பிரெஞ்சு வேதியியலாளர் யூஜின் ஷுலர் செயற்கைத் தலைச்சாயம் உருவாக்கி, 1909இல் பின்னாளில் லோரியல் எனப்பட்ட நிறுவனத்தைத் தொடங்கியது முதல், இத்தகைய சாயங்கள் உலகெங்கும் பரவின. ஐரோப்பிய ஒன்றியம் தலைச்சாயத்தில் இப்பொருளுக்கு 2 சதவீத உச்ச வரம்பு விதித்துள்ளது. தோலில் நேரடியாகப் பூச அனுமதிப்பதில்லை. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதையே அறிவித்தது.

இதன் கொடுமை காலம் கடந்து வருவது. பதினைந்து வயதில் ராத்தாவின் கல்யாணத்தில் கறுப்புக் கூம்பால் பூவரைந்த பெண்ணுக்கு, அன்று சிறு அரிப்போடு போயிருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி அப்பொருளை நினைவில் வைத்துக்கொள்கிறது. நாற்பத்தைந்து வயதில் முதல் நரைக்குச் சாயமிடும்போது முகம் வீங்கி, கண் மூடி, மருத்துவமனைக்கு ஓட நேர்கிறது. உம்மம்மாவின் மருதோன்றி கையிலிருந்து தலைக்கு ஏறிற்று. இன்று நஞ்சும் அதே வழியில் ஏறுகிறது.

வெண்மைக் கிரீம்களின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. பெயர் தெரியாத டப்பாக்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோலின் கருமையை உண்டாக்கும் மெலனினை அது தடுக்கிறது. உட்சென்று சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. ஸ்டீரொயிட் கலந்தவை தோலை மெலியச் செய்கின்றன. வயதால் ஏற்கெனவே மெலிந்த தோலுக்கு இது இரட்டை அடி. மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பதென முடிவெடுத்தன. முடிவு கடைத்தெரு வரை வந்து சேர்வது வேறு விடயம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, இக்கதையில் துயரமான அத்தியாயம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகக் கூடிய இழப்பு அம்மாவட்டத்திலேயே நேர்ந்தது. இறந்தோரில் பெண்களும் சிறுவரும் முதியோரும் அதிகம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வளவுகள் துடைத்தெறியப்பட்டன. எஞ்சியோர் பலர் கடலுக்கு அப்பால் வீட்டுத்திட்டங்களிலும் மாடிக் குடியிருப்புகளிலும் குடியேறினர். மூன்று தலைமுறை கூடியிருந்த வேலி அங்கே இல்லை. செடி நட மண்ணும் இல்லை. எண்ணெய் காய்ச்சும் பக்குவம் தெரிந்த கிழவிகளும் பலர் இல்லை.

ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. 2022இல் நாடு வங்குரோத்தடைந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் வாசனைப் பொருட்கள், ஷாம்பு உட்பட முந்நூறு வகைப் பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. கிழக்கிலிருந்து என்னோடு பேசிய நண்பர்கள், தம் வீட்டுப் பெண்கள் மருதோன்றிக் கொப்பு தேடி நட்டதைச் சொன்னார்கள். தேவை வந்தால் நினைவும் திரும்புகிறது.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பல இன்று காற்றோடு போயிருக்கும். பாட்டுக்கு நேர்ந்த நற்பேறு இந்தக் கைப்பக்குவத்திற்கும் நேர வேண்டும். எந்த இலை, எவ்வளவு எண்ணெய், எந்த வயதில், எத்தனை நாளுக்கொரு முறை என்பதை எண்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் கேட்டு எழுதிவைக்க ஒரு மாணவியும் ஒரு குறிப்பேடும் போதும். சுருமாவை ஏன் கைவிட வேண்டும், கறுப்புக் கூம்பை ஏன் தொடக்கூடாது என்பதையும் அதே குறிப்பேட்டில் அவள் எழுதட்டும். தலைக்குச் சாயமிட விரும்பும் பெண்கள், இரண்டு நாள் முன்னதாகக் காதின் பின்புறம் ஒரு துளி தடவிப் பார்த்து, அரிப்போ சிவப்போ தோன்றினால் அதை விட்டுவிட வேண்டும் என்பதும் அதில் இடம்பெற வேண்டும். சிறு வயதில் கறுப்புக் கூம்பால் கை அரித்தவர்கள் அந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் நேரே மருத்துவரிடம் போவதே நல்லது.