காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள்

பழைய வீடுகளைப் பார்ப்பதற்காகத்தான் நாங்கள் காரைக்குடிக்குப் போயிருந்தோம். பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் பற்றி ஒரு கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தது. ஆனால் முகப்பைக் கடந்து வளவில் அமர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நண்பரின் உறவினரான அந்த வீட்டு ஆச்சி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். "நீங்கள்லாம் படிச்சவுக. இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

மூன்றாண்டுகளாக அவருக்குச் சோர்வு. சித்திரை வெயிலிலும் குளிர்கிறது என்று போர்வை தேடுகிறார். முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. உறையில் இரண்டு ஆய்வகங்களின் தாள்கள் இருந்தன. ஒன்று தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்றது. மற்றது குறைவாகச் சுரக்கிறது என்றது. இரண்டுக்கும் இடையே மூன்று வாரங்கள்தாம். ஒன்று பொய் என்று வீட்டார் முடிவு கட்டிவிட்டார்கள். எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. எங்களில் மருத்துவர் எவருமில்லை. ஆகவே தீர்ப்புச் சொல்லவில்லை. ஆயினும் ஒரு மனிதரின் சோர்வு எப்படி எண்ணாகிறது என்னும் கேள்வி ஊர் திரும்பிய பின்னும் எங்களை விடவில்லை.

எண்கள் வருவதற்கு முன்பு உடல் மட்டுமே சாட்சி. 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்கள் சிலரின் முகம் ஊதி, பேச்சு மந்தமாகி, சருமம் தடித்துப்போவதை விவரித்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. 1891-இல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே அத்தகைய ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அப்போது அவருக்கு வயது 46. அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்து 74-ஆம் வயதில் இறந்தார். அதற்குச் செலவான ஆடுகள் 870-க்கும் மேல் என்று கணக்கு உண்டு. அளக்க ஏதும் இல்லாத காலத்தில், நோயாளியின் முகத்தைப் பார்த்தே மருந்தின் அளவு முடிவாயிற்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தத்தில் ஹார்மோனை எண்ணுவது ஏன் அத்தனை கடினம்? அது இருக்கும் அளவு அவ்வளவு சொற்பம். சாதாரண ரசாயன முறைகளுக்கு அது தட்டுப்படுவதேயில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் இருவர் இதைத் தீர்த்தனர்: இயற்பியலாளர் ரோசலின் யாலோ, மருத்துவர் சாலமன் பெர்சன். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் அதற்கு எதிரான புரதங்கள் உருவாகின்றன என்று அவர்கள் 1950-களின் நடுவில் எழுதிய கட்டுரையைப் பெயர்பெற்ற இதழ்கள் திருப்பி அனுப்பின. அம்மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, பின்னர் தம் நோபல் உரையிலேயே எடுத்துக் காட்டினார். நமக்கு இந்தப் பெண்மணியை மிகவும் பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம்.

அவர்கள் கண்ட முறையைச் செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியை வைத்தே விளக்கிவிடலாம். பந்தியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இலை போட்டிருக்கிறது. நம் தரப்பில் சிவப்புத் துண்டு அணிந்த ஐம்பது பேரை அனுப்புகிறோம். வெளியூர் விருந்தினர் எத்தனை பேர் என்று தெரியாது. இலைக்குப் போட்டி நடக்கிறது. கடைசியில் இடம் கிடைத்த சிவப்புத் துண்டுகளை எண்ணினால், வெளியூரார் எத்தனை பேர் என்று கணக்கிட்டுவிடலாம். இலை என்பது எதிர்ப்புரதம். சிவப்புத் துண்டு என்பது கதிரியக்கக் குறி இட்ட ஹார்மோன். 1960-இல் இன்சுலினை இவ்வாறு அளக்கும் முறை முழுமையாக அச்சேறியது. இருவரும் காப்புரிமை பெறவில்லை. பெர்சன் 1972-இல் இறந்தார். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு வந்தது. இறந்தவர்க்கு அதை அளிப்பதில்லை.

1960-களிலேயே டி.எஸ்.ஹெச். அளவும் இம்முறைக்குள் வந்தது. தைராய்டை வேலை வாங்குவதற்காகப் பிட்யூட்டரி அனுப்பும் ஆணை அது. சுரப்பி சோம்பினால் ஆணை உரக்க வரும். மிகையாகச் சுரந்தால் ஆணை அடங்கும். எண் கூடினால் சுரப்பு குறைவு என்னும் இந்தத் தலைகீழ்க் கணக்குதான் தாளைப் படிக்கும் நம்மைப் போன்றவர்களை முதலில் குழப்புகிறது.

அடுத்த குழப்பம், எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகும் 'இயல்பான அளவு'. பெரும்பாலும் அது நலமாக உள்ளவர்களில் நடுவில் நிற்கும் 95 விழுக்காட்டினரின் எல்லை. ஆக, நூறு நலமானவர்களில் ஐவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துச் சோதனைகளைச் செய்துகொண்டால், எந்த நோயும் இல்லாதவருக்கே ஏதேனும் ஒன்று தடித்த எழுத்தில் வருவதற்கு 40 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கார்ட்டிசால் போன்றவை காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்பவை. ரத்தம் எடுத்த நேரம் தெரியாமல் அவற்றைப் படிக்கவே முடியாது.

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. பிரசவத்தில் மிகுந்த ரத்தம் இழந்த பெண்களின் பிட்யூட்டரி கருகிப்போவதை 1937-இல் ஹரால்டு ஷீஹன் விவரித்தார். பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, சோர்வு ஆண்டுக்கணக்கில் நீளும். இவர்களிடம் டி.எஸ்.ஹெச். மட்டும் பார்த்தால் அது 'இயல்பு' என்றே வரக்கூடும், ஏனெனில் ஆணையிடும் இடமே கெட்டுவிட்டது. கார்ட்டிசாலைச் சரிசெய்யாமல் தைராக்சினைத் தொடங்கினால் உயிருக்கே கேடு. காஷ்மீரில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளை பெற்ற வயது வந்த பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு இந்நிலை இருப்பதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிரசவித்தவர்கள். இரண்டாம் கட்டின் இருட்டறையைப் பார்த்தபோது இது எங்கள் நினைவில் இல்லை. இருந்திருந்தால் வேறு விதமாகப் பார்த்திருப்போம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தேறவேயில்லை என்று சொல்லப்பட்ட பாட்டிமார் எந்த ஊரில் இல்லை?

கதிரியக்கமும் பின்னர் விலகியது. இன்று பல ஆய்வகங்களில் உள்ள கருவிகள் மின்வேதி ஒளிர்வை நம்புகின்றன: ருத்தேனியக் குறி இட்ட புரதம் மின்வாயில் ஒட்டுகிறது, மின்னழுத்தம் பாய்ச்சியதும் ஒளிர்கிறது, ஒளியை எண்ணினால் ஹார்மோன். மின்வேதியியல் என்றால் காரைக்குடிக்காரர்களுக்கு அந்நியச் சொல் அல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அந்த ஆச்சியின் தாளைப் பிறப்பித்த கருவி இங்கே உருவானதல்ல. ஆனால் அதன் உள்ளே நடப்பது அந்த வளாகத்தில் எழுபது ஆண்டுகளாகப் பேசப்படும் அறிவியல்தான்.

அந்தக் கருவிகள் பலவற்றில், புரதத்தை மின்வாயில் பிடித்துவைக்கும் கொக்கியாகப் பயன்படுவது பயோட்டின் என்னும் வைட்டமின். நோயாளி அதே வைட்டமினை மிகுதியாக உண்டிருந்தால், ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் கொக்கிகளின் இடத்தை அடைத்துவிடுகிறது. அப்போது டி.எஸ்.ஹெச். பொய்யாகத் தாழ்கிறது, டி4 பொய்யாக உயர்கிறது. தாள், தைராய்டு மிகை என்கிறது. 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இது குறித்து எச்சரித்தது. ஒரு நாளைக்கு உடலுக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம். முடி வளரும் என்று விற்கும் மாத்திரைகளில் 10 மில்லிகிராம் வரை, அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல், இருப்பதுண்டு. முடி உதிர்வது தைராய்டுக் குறைவின் அறிகுறி. அதற்காக விழுங்கும் மாத்திரை, குறைவையே மிகையாகக் காட்டிவிடுகிறது.

மூன்றாவது முறையாக மதுரைக்குப் போனபோது, அங்கிருந்த மருத்துவர் தாள்களைப் புரட்டும் முன்பு ஒரு கேள்வி கேட்டாராம்: "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" ஆச்சி தயங்கினார். பேத்தி வாங்கிக் கொடுத்தது. அதை அவர் மருந்தென்றே கருதியதில்லை. தினமும் காலையில் போட்டுக்கொள்வார், ரத்தம் கொடுக்கப் போகும் நாளிலும். இரண்டாவது ஆய்வகத்தின் கருவி வேறு முறையில் இயங்குவது. அதனால்தான் அங்கே எண் மாறியது. இரு ஆய்வகங்களும் தத்தம் கணக்கில் ஒழுங்காகவே அளந்திருந்தன.

ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தார். டி.எஸ்.ஹெச். எல்லைக்கு மேலே ஏறியிருந்தது. இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் எடுத்துக்கொள்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது, போர்வை மறுபடி பெட்டிக்குள் போய்விட்டதென்றும், வீட்டைப் பற்றி எழுதுவதாகச் சொன்ன கட்டுரை எப்போது வரும் என்றும் கேட்டார்.