வீட்டு மெஷ் வலையமைப்பு

வீட்டு மெஷ் வலையமைப்பு என்பது பல கம்பியில்லா நிலையங்கள் ஒன்றோடொன்று இணைந்து, ஒரே பெயரிலும் ஒரே கடவுச்சொல்லிலும் வீடு முழுவதும் வை-ஃபை இணைப்பு வழங்கும் முறையாகும். இது கண்ணி வலையமைப்பு எனவும் அழைக்கப்படும்.

தேவை

திசைவியிலிருந்து வெளிப்படும் அலைகள் கற்காரைச் சுவர்களிலும் மாடித் தளங்களிலும் வலுவிழக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 2.4 கிகாஹெர்ட்ஸைவிட விரைவானது. ஆயினும் சுவர்களை ஊடுருவும் திறன் அதற்குக் குறைவு.

செயற்பாடு

மோடத்துடன் இணைக்கப்படுவது முதன்மை நிலையம். ஏனையவை துணை நிலையங்கள். ஒரே வானொலிக் கருவி இரு பக்கமும் தரவைக் கடத்தினால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இதனைத் தவிர்க்கச் சில கருவிகளில் நிலையங்களுக்கிடையிலான தொடர்புக்கெனத் தனி அலைவரிசை ஒதுக்கப்படுகிறது. நிலையங்களை ஈதர்நெட் கம்பியால் இணைப்பது இதனினும் சிறந்தது.

நிறுவுதல்

சைகை எட்டாத அறையிலேயே துணை நிலையத்தை வைப்பது பொதுவான தவறாகும். தான் பெறும் சைகையையே அது மேலே கடத்துகிறது. ஆகவே, முதன்மை நிலையத்துக்கும் அவ்வறைக்கும் இடையில், சைகை நன்கு கிடைக்கும் இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். தேவைக்கு மிகுதியான நிலையங்கள் ஒன்றையொன்று இடையூறு செய்யலாம்.

வரலாறு

மெஷ் இணைப்புக்கான 802.11எஸ் சீர்தரம் 2011இல் வெளியானது. ஈரோ, கூகுள் வைஃபை ஆகியன 2016இல் விற்பனைக்கு வந்தன. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் இணைந்து இயங்குவதற்கான ஈசிமெஷ் திட்டத்தை வை-ஃபை கூட்டமைப்பு 2018இல் அறிவித்தது.

வரம்பு

மெஷ் முறை இணைப்பின் பரப்பையே விரிவாக்கும். இணையச் சேவை வழங்குநர் அளிக்கும் வேகத்தை அது கூட்டாது.