விபத்து என்று சொல்ல மறுத்தவர்கள்

துக்க வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொற்கள் இரண்டு உண்டு. ‘விதி’ என்பது ஒன்று. ‘ஆண்டவரின் சித்தம்’ என்பது மற்றொன்று. சாலையில் அடிபட்டு இறந்த பிள்ளையின் உடலருகே நிற்கையில், வேறு சொல் அகப்படாமல் நாமும் அவற்றையே முணுமுணுத்துவிட்டுத் திரும்புகிறோம். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் அச்சொற்களில் ஆபத்தும் ஒன்று உண்டு. மனிதர் போட்ட சாலையில், மனிதர் அனுமதித்த வேகத்தில், மனிதர் ஓட்டிய ஊர்தியால் நேர்ந்த சாவை இறைவன்மேல் ஏற்றிவிட்டு நாம் ஓய்ந்துவிடுகிறோம். அவ்வாறு ஓய்ந்துவிட மறுத்த ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை இங்கே சற்று நினைவுகூர்வோம்.

நெதர்லாந்து என்றதும் மிதிவண்டிகளே நம் நினைவுக்கு வருகின்றன. அது அந்நாட்டாரின் பிறவிப் பழக்கம் என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே வருவாய் பெருகியது, கார்களும் பெருகின. அவற்றுக்கு வழிவிடப் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன. நகரச் சதுக்கங்கள் கார் நிறுத்துமிடங்களாயின. மிதிவண்டியில் செல்வோர் தொகை குறைந்துகொண்டே வந்தது. ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் மக்கள் வாழ்ந்த அச்சிறு நாட்டில், 1971ஆம் ஆண்டில் மட்டும் 3,000க்கும் மேற்பட்டோர் சாலைகளில் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். முன்னேற்றத்துக்கு நாம் கொடுக்கவேண்டிய விலை இது என்றே அந்நாட்களில் பலரும் கருதினர்.

அந்த 1971ஆம் ஆண்டில் தம் மகளைச் சாலையில் பறிகொடுத்தவர்களுள் ஒருவர் விக் லாங்கன்ஹாஃப் என்னும் பத்திரிகையாளர். கத்தோலிக்க நாளேடாகத் தோன்றி வளர்ந்த ‘டெ டைட்’ இதழில் 1972இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது அதன் தலைப்பு. ‘விபத்து’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘கொலை’ என்ற சொல்லை வைத்தார் அத்தந்தை. கடுமையான சொல்தான், ஓட்டுநர் எவரும் கொல்லும் எண்ணத்தோடு புறப்படுவதில்லை. ஆயினும் தடுக்கக்கூடிய சாவைத் தடுக்காமல் இருப்பதற்கு என்ன பெயரிடுவது என்று அச்சொல் நாட்டையே கேட்டது.

அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவி, மார்ட்யே வான் புட்டன் என்னும் இளம் தாய். பெற்றோர் பிள்ளைகளுடன் சாலைக்கு வந்தனர். உயிர்ப்பலி மிகுந்த இடங்களில் அமர்ந்து மறியல் செய்தனர். சில தெருக்களைக் கார்களுக்கு அடைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டனர். பிரதமர் யோப் டென் அய்ல் வீட்டு முன் சென்று பாட்டுப் பாடித் தங்கள் வேண்டுகோளை வைத்தனர். பின்னர் அரசே அவ்வியக்கத்துக்கு நிதியுதவி அளித்தது.

காலமும் அவர்களுக்குத் துணைநின்றது. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் காரோட்டத் தடை விதிக்கப்பட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் உலவினர். சட்டங்களும் தொடர்ந்தன. 1974இல் ஓட்டுநரின் இரத்தத்தில் இருக்கத்தக்க மதுவின் அளவுக்கு வரம்பு வந்தது. 1975இல் மொபெட் ஓட்டுவோருக்குத் தலைக்கவசமும் காரின் முன்னிருக்கையில் அமர்வோருக்கு இருக்கைப் பட்டையும் கட்டாயமாயின.

சட்டத்தோடு சாலையும் மாறியது. டெல்ஃப்ட் நகரில் 1960களின் பிற்பகுதியிலேயே சில தெருக்களை, கார் நடைவேகத்தில் மட்டுமே செல்லும்படி வளைவுகளும் மரங்களும் வைத்து மாற்றியமைத்தனர். தெரு என்பது முதலில் வீட்டு முற்றம், பிறகே வழி என்பது அவர்தம் கருத்து. 1976இல் நாட்டுச் சட்டமே அத்தகைய தெருக்களை ஏற்றுக்கொண்டது. ஹேக், டில்பர்க் நகரங்களில் தனி மிதிவண்டிப் பாதைகள் சோதனையாக அமைக்கப்பட்டன. 1992இல் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் புதிய கோட்பாடொன்றை வகுத்தனர். மனிதர் தவறு செய்வர். ஆகவே அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு சாலையை அமைப்பதே அமைப்போரின் கடமை என்பது அதன் சாரம். வேகமாகச் செல்லும் ஊர்தியும் நடந்துசெல்லும் பிள்ளையும் ஒரே வழியில் கலவாதபடி பிரிக்கவேண்டும். கலக்க நேருமிடத்தில் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்றது அது.

பலன் என்ன? 2010 முதல் 2019 வரை எந்த ஆண்டிலும் சாலைச் சாவுகள் 700ஐ எட்டவில்லை. இத்தனைக்கும் கார்களின் தொகை 1971இல் இருந்ததைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. மக்கள்தொகையும் ஒன்றரைக் கோடியைக் கடந்திருந்தது. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2022இல் அத்தொகை மீண்டும் 700ஐத் தாண்டியது. மாண்டவர்களுள் மிதிவண்டியில் சென்ற முதியோர் பலர். ஒரு தலைமுறை வென்றதை அடுத்த தலைமுறை விழித்திருந்து காக்காவிட்டால் கைநழுவிப் போகும் என்பதற்கு இதுவும் சான்று.

இவ்வரலாறு நமக்குச் சொல்வதை நாம் துக்க வீட்டு வாசலில் நின்றே கேட்கவேண்டும். இறந்த பிள்ளைக்காகச் செபிப்பது நம் கடமை. பெற்றோரோடு சேர்ந்து அழுவதும் கடமையே. அதன்பின், பிள்ளை கடந்த அந்த இடத்தில் ஏன் வேகத்தடை இல்லை, ஏன் நடைபாதை இல்லை, ஓட்டியவர் ஏன் குடித்திருந்தார் என்று கேட்பது இறை சித்தத்தை எதிர்ப்பதாகாது. மனிதர் செய்ததை மனிதரிடமே கேட்கிறோம், அவ்வளவே. ஒரு தந்தை தம் மகளுக்காகக் கேட்ட கேள்வி, அவர் முகமறியாத எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வீடு திரும்ப வைத்தது. அடுத்த முறை ‘விதி’ என்ற சொல் நம் நாவில் எழும்போது, அத்தந்தையை ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.